மாம்பழக் கடல்பாசி உறையவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் முதலமடையில் இருக்கிறோம், மாம்பழத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். மாமனாருக்குக் கொலஸ்ட்ரால். நெய்யும் தேங்காய்ப்பாலும் விட்ட பாயசம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார், மனிதருக்கோ சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு இல்லாமல் முடியாது. அதனால் கடல்பாசி (இனிப்பை உறையவைக்கும் சைனா கிராஸ்) போட்டுப் பழ இனிப்பு செய்து பார்க்கிறேன்.

பைனாப்பிளைப் பச்சையாகப் பாலில் அடித்தால் கசக்கும், வேகவைத்து ஆறவிட்டால் கசக்காது என்பது பட்டுத் தெரிந்தது. மாம்பழம்தான் பிடிபடவில்லை.

5 கிராம் கடல்பாசியை ஒரு டம்ளர் தண்ணீரில், எலுமிச்சைச் சாறும் பிழிந்து கொதிக்கவிட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கால் லிட்டர் மாம்பழக் கூழில் அப்படியே ஊற்றினேன். அங்கங்கே இழை இழையாகத் திரண்டது, நடுவில் கரண்டி வைத்ததும் தண்ணீர் விட்டது.

புளிப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டுமா? கூழின் குளிர்ச்சிதான் காரணமா? செய்து பழகிய அக்காமார் அளவோடு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிறந்தநாள்.