ஜாகுவார் 4.2 எக்ஸ்.கே. எஞ்சின்: டாப்பெட் கிளியரன்ஸும் கேம் டைமிங்கும்

கேள்வி:
இ-டைப் காரில் வரும் 4.2 லிட்டர் எஞ்சின். வால்வு, சீட் இரண்டையும் கிரைண்ட் செய்து ஹெட்டை ஏற்றியாகிவிட்டது. இப்போது எக்ஸாஸ்ட்டில் மூன்று வால்வுக்கு 2 தௌதான் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிளியரன்ஸ், அதாவது கேமுக்கும் டாப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி. இன்லெட்டில் ஒன்று மட்டும் 7 தௌ காட்டுகிறது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வட்டத் தகடு) கணக்கை எப்படிப் போடுவது? கேமை (வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு) கழற்றினால் டைமிங்கை எதை வைத்துப் பிடிப்பது? ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஓட்டையும் கேம் ஓட்டையும் நேருக்கு நேர் வர மறுக்கின்றன.

பதில் 1:
தொடக்ககால 4.2-க்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட் 4 தௌ (0.10 மி.மீ.), எக்ஸாஸ்ட் 6 தௌ (0.15 மி.மீ.). சீட்டை வெட்டினால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும். எக்ஸாஸ்ட் 2 தௌவில் ஓடினால் சூட்டில் வால்வு முழுதாக உட்காராது, விளிம்பு எரிந்துபோகும். சத்தம் கேட்கிற டாப்பெட்டைவிட சத்தமே இல்லாத இறுக்கமான டாப்பெட்தான் ஆபத்து.

ஷிம் டாப்பெட் வாளிக்கு (கேம் அழுத்தும் கிண்ணம்) அடியில், வால்வுத் தண்டின் தலையில் இருக்கும். 'ஏ' என்றால் 85 தௌ, அடுத்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தௌ கூடும், 'இசட்' 110. எக்ஸாஸ்ட்டில் 'என்' (98) இருந்து இடைவெளி 2 என்றால், 4 தௌ மெலிதாக 94, அதாவது 'ஜே' போட வேண்டும். இன்லெட்டில் 'டி' (88) இருந்து 7 காட்டினால் 3 தௌ கூட்டி 'ஜி'. எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஷிம்மில் தண்டு பதிந்து குழி விழுந்திருக்கும், மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். 'ஏ'-க்கும் கீழே போக வேண்டியிருந்தால் தண்டின் நுனியைக் கண்டபடி தேய்க்காதீர்கள். ஷிம் தண்டை விட்டு காட்டர் (வால்வு ஸ்ப்ரிங்கைத் தண்டில் பிடிக்கும் பூட்டு) மேல் உட்கார்ந்துவிடும். சீட்டையே மாற்றுவதுதான் சரி.

12 வால்வையும் அளந்து முடித்த பிறகே கழற்றுங்கள். டாப்பெட்டைத் தூக்கும்போது ஷிம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வரும், வழியில் விழும். செயின் இறங்கும் குழியைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

பதில் 2:
டைமிங்கைப் பற்றி. இந்த எஞ்சினில் 1-ஆம் சிலிண்டர் பின்னால், ஃபிளைவீல் பக்கம். முன்னால் இருப்பது 6. அந்த 6-ஐ கம்ப்ரெஷன் டாப் டெட் சென்டரில் (அழுத்தும் ஓட்டத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்துங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டாரும் 6-ஐக் காட்ட வேண்டும். இந்த நிலையில்தான் கேமைக் கழற்றுவதும் மாட்டுவதும். பேரிங் கேப் நட்டுகளை ஒவ்வொரு சுற்றாக மாறி மாறித் தளர்த்துங்கள். மாட்டும்போது கேமின் முன்பக்க வெட்டு, கவர் உட்காரும் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இறுக்கம் 15 பவுண்டு-அடி.

ஓட்டை நேராக வராததற்குக் காரணம், ஸ்ப்ராக்கெட்டைக் கேமோடு இணைக்கும் பல் தட்டை விடுவிக்காமல் ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பப் பார்ப்பது. முதலில் முன்னால் இருக்கும் பிரீதரை (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் மூடி) கழற்றி, எக்சென்ட்ரிக் ஐட்லரால் (செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் சக்கரம்) மேல் செயினை இழுத்துவிடுங்கள். விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், கம்பிபோல் விறைக்கக் கூடாது. பிறகு சர்கிளிப்பை (வளையப் பூட்டு) எடுத்து, பல் தட்டை முன்னால் தள்ளிப் பல்லை விடுவியுங்கள். கேம் டைமிங் கேஜை (கேமின் நிலையைச் சரிபார்க்கும் தகடு) கேமின் வெட்டில் உட்கார வைத்து, தட்டைத் திருப்பித் திருப்பி இரண்டு ஓட்டையும் துல்லியமாக நேராகும் பல்லைத் தேடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் தட்டை 180 டிகிரி திருப்பிப் போடுங்கள், கிடைத்துவிடும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். போல்ட் நுழைய வேண்டுமென்று கேமை மட்டும் அசைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒரு கேமின் செயின் கழன்றிருக்கும்போது மற்றதை அளக்க கிராங்கைச் சுற்றலாமா?

பதில் 2:
கூடவே கூடாது. வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒன்றோடொன்றும் இடிக்கும். தண்டு வளைந்தால் ஹெட் மறுபடி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் மாட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். எப்போதும் ஓடும் திசையிலேயே சுற்றி 6-ஆம் சிலிண்டரின் டாப் டெட் சென்டருக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள், இல்லையென்றால் செயினின் தொய்வு அளவில் கலந்துவிடும். கேஜும் கிளியரன்ஸும் மறுபடி பார்த்த பிறகு போல்ட்டுக்குப் பூட்டுக் கம்பி.

பதில் 3:
கேம் வெளியே இருக்கும்போது எக்ஸாஸ்ட் டாப்பெட் கைடுகளை விரலால் அசைத்துப் பாருங்கள். அலுமினிய ஹெட்டில் இறுக்கமாக ஏற்றிய ஸ்லீவ் அது. எஞ்சின் அதிகம் சூடானால் தளர்ந்து மேலே எழும்பி கேம் லோபில் இடிக்கும். துளி அசைவு தெரிந்தாலும் பிடிப்புத் தகடு போட்டுவிட்டே மூடுங்கள்.