பவுல் கூடாரத் தொழிலை எப்போது விட்டார்?

வார்டு சிஸ்டர்:
நேற்றிரவு எங்கள் ஊர் கன்வென்ஷனில் பேசிய பிரசங்கியார், முழுநேர ஊழியத்துக்கு வராமல் சம்பள வேலையை விடாதவர்கள் எல்லாரும், தேவன் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி ஓடிய யோனாக்கள் என்றார். நான் 22 வருடமாக நர்ஸ். கேட்டதும் மனம் கொதித்துவிட்டது. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தாரே, அவரும் யோனாவா?

திறப்பில் நிற்பவன்:
சகோதரி, வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18:3-லேயே நின்றுவிட்டீர்கள். 18:5-ஐ வாசியுங்கள். சீலாவும் தீமோத்தேயும் வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கையில் காசில்லாத நாளில் செய்த வேலையைத் தேவ அழைப்பு என்று சொல்லக்கூடாது. நான் பாங்க் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தவன்.

வார்டு சிஸ்டர்:
ஊசியைக் கீழே வைத்தார் என்று எங்கே இருக்கிறது? என் அப்பாவின் பழைய வேதாகமத்தில் "பவுல் ஆவியில் வைராக்கியங்கொண்டு" என்றுதான் இருக்கிறது. அதில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

திறப்பில் நிற்பவன்:
புதிய மொழிபெயர்ப்புகளைப் பாருங்கள். வசனத்தைப் போதிப்பதிலேயே முழுவதும் ஈடுபட்டார் என்ற பொருளில் இருக்கிறது. பழமையான கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் "ஆவி" இல்லை, "வசனம்"தான்.

நாசரேத்காரன்:
போன வருடம் அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) பற்றிய விவாதத்தில், பழைய மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றது யார் அண்ணாச்சி? இன்றைக்குப் புதியது இனிக்கிறதா?

திறப்பில் நிற்பவன்:
தம்பி, அசனத்தை இங்கே இழுக்காதீர்கள். அது வேறு பேச்சு.

நாசரேத்காரன்:
அன்றைக்கு என்னை அரைகுறை என்று சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

தரங்கைவாசி:
அழைப்பு என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொள்வோமா? செருப்புத் தைப்பவர், கொல்லர், குடியானவர் எல்லாரும் தங்கள் தொழிலில் இருந்தபடியே குருக்கள்தான் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-லேயே எழுதிவிட்டார்.

வார்டு சிஸ்டர்:
லூத்தர் இருக்கட்டும், எனக்கு ஊசிக்குப் பதில் வேண்டும். எபேசு சபையின் மூப்பரிடம் பவுல் தம் கைகளைக் காட்டி, எனக்கும் என்னோடு இருந்தவர்களுக்கும் வேண்டியதை இவையே சம்பாதித்தன என்கிறார். அது 20:34. கொரிந்துவைவிட்டுப் போன பிறகு நடந்தது. ஊசியைக் கீழே வைத்தவர் மறுபடியும் எப்போது எடுத்தார்?

அழைப்பு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எனக்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. பயிற்சியின் இரண்டாம் வருடத்தில், முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு ஒரு பாட்டி வந்தார்கள். பழைய கட்டு காய்ந்து சதையோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீரை விட்டு ஊறவைத்து, துணியை நூல் நூலாகப் பிரித்தெடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார்கள். டியூட்டி முடிந்தும் எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. "இது உனக்குக் கொடுக்கப்பட்ட வேலை" என்று மூத்த சிஸ்டர் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வேலூர்வாசி:
அக்கா சொல்வது சரி. மிஷனெரியாக வரவே மாட்டேன் என்றிருந்தவர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் துடித்த தங்கள் மனைவிகளுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விடமாட்டோம் என்றதால் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் தேடிப்போனது பிரசங்க பீடத்தையா? 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1900-இல் வேலூருக்கு வந்தார்.

திறப்பில் நிற்பவன்:
அவர் மிஷன் அனுப்பி வந்தவர். அது முழுநேர ஊழியம். அரசாங்க ஆஸ்பத்திரி வேலையோடு அதை ஒப்பிடாதீர்கள்.

நாசரேத்காரன்:
காணிக்கையில் வாங்கினால் அழைப்பு, கருவூலத்தில் வாங்கினால் யோனாவா?

திறப்பில் நிற்பவன்:
காணிக்கையைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி இருக்கிறது? வேலையை விட்ட முதல் வருடம் என் பிள்ளைகளுக்கு இரவில் கஞ்சிதான். ஒரு சபையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாடு உமக்குத் தெரியுமா?

வேலூர்வாசி:
பாடு பட்டீர்கள், அதற்கு மரியாதை உண்டு ஐயா. அதற்காக அக்கா பட்டது பாடு இல்லையா?

வார்டு சிஸ்டர்:
யார் அதிகம் பாடுபட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. 18:5-இல் ஊசி எங்கே இருக்கிறது? நான்காவது முறையாகக் கேட்கிறேன். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலைசெய்தோம் என்கிறார். இரவிலும்! நைட் டியூட்டி பார்க்கிறவளுக்கு அந்த வார்த்தை புரியும். பஸ் வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு வந்து பார்ப்பேன். வசனத்தை எடுத்து வையுங்கள்.

திறப்பில் நிற்பவன்:
18:5. நிதானமாக மறுபடியும் வாசியுங்கள்.

நாசரேத்காரன்:
எந்த மொழிபெயர்ப்பில், அண்ணாச்சி?