"பிரெஞ்சு பிராந்தி", 4 எழுத்து. கோன்யாக் இல்லையென்றால் வேறு என்ன?

கட்டம்நிரப்பி:
ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பு, மூன்றாவது எழுத்து ஆர். எனக்குத் தெரிந்தது கோன்யாக் ஒன்றுதான், அதற்கு ஆங்கிலத்தில் 6 எழுத்து. இதே குறிப்பு முன்பு 8 எழுத்துக்கு வந்தபோதும் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் நாவல்களிலும் ஆளுக்கொரு பெயரைக் குடிக்கிறார்கள். எல்லாம் ஒரே சரக்கா, இல்லை எழுத்தாளர் யோசித்துத்தான் ஊற்றுகிறாரா?

குறுக்கும்நெடுக்கும்:
மார்க். எம், ஏ, ஆர், சி. பிரெஞ்சுக்காரர்கள் சி-யை விழுங்கிவிட்டு 'மார்' என்பார்கள். ஒயினுக்குப் பிழிந்த பிறகு மிஞ்சும் திராட்சைத் தோலும் கொட்டையும் காம்பும் இருக்கிறதே, அந்தச் சக்கையிலிருந்து வடிப்பது. கிரிப்டிக், அதாவது சொல்விளையாட்டுக் குறிப்புகள் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்: மார்ச் மாதத்தின் வாலை நறுக்கினால் பிராந்தி வந்துவிடும். கோன்யாக்கும் இப்படித்தான், பற்சக்கரத்தின் பல்லுக்கான 'காக்', அதன் பின்னால் 'கேன்' என்பதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது.

மூன்றாவது எழுத்து 'என்' (N) ஆக இருந்திருந்தால் விடை ஃபீன், பிரெஞ்சில் தரமான பிராந்திக்கு ஒரு பெயர்; எஃப், ஐ, என், இ. அதை ஆங்கிலக் கண் 'ஃபைன்' என்றுதான் படிக்கும், அதனால் குறிப்பு கண்ணெதிரே இருந்தாலும் பிராந்தி என்றே தோன்றாது.

8 எழுத்துக்கு ஆர்மன்யாக் அல்லது கல்வடோஸ். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், ஓர் இடத்தில்கூட ஒரே எழுத்து வராது. குறுக்கே ஒரே ஒரு எழுத்து விழுந்தாலும் போதும். 3, 2, 3 என்று பிரித்துக் கொடுத்திருந்தால் மட்டும் 'ஓ த வீ' (eau de vie), இதுமாதிரி வடித்த சரக்குக்கு பிரெஞ்சில் பொதுப்பெயர்.

பழம்புத்தகம்:
ஒரே சரக்கு இல்லை. கோன்யாக், ஷரான்த் பக்கத்து வெள்ளை ஒயினைச் செம்புப் பானையில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருஷம் போட்டு வைப்பது. ஆர்மன்யாக் தெற்கே கஸ்கோன் பகுதி, பெரும்பாலும் ஒரே வடிப்பு. கல்வடோஸ் நார்மண்டியின் ஆப்பிள்.

கதைகளில் யோசித்துத்தான் ஊற்றுகிறார்கள், குறைந்தபட்சம் நல்ல எழுத்தாளர்கள். ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் 'வெற்றி வளைவு' நாவலில் (1945) ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த மருத்துவர் ராவிக், கையில் அடையாளக் காகிதம் இல்லாமல் பாரிஸில் ஒளிந்து வாழ்கிறவர், கல்வடோஸாகக் குடித்துத் தள்ளுவார். அந்த இடத்தில் கோன்யாக்கை வைத்துப் பாருங்கள், ஆள் உடனே வசதியானவராகிவிடுவார், உட்கார்ந்திருக்கும் கடைகூட மாறிவிடும். 1920களின் பாரிஸைப் பற்றிய கதைகளில் 'ஃபீன் ஆ லோ' என்று கேட்டால் தண்ணீர் கலந்த பிராந்தி, மாலை முழுக்க உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்று அர்த்தம். நாவலில் மார்க் குடிப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை, அது பாட்டிலைவிடக் கட்டத்தில்தான் ஜாஸ்தி புழங்குகிறது!

குறுக்கும்நெடுக்கும்:
ஆமாம், நாலு எழுத்தில் அடங்குகிற யோகம்.

அடிக்குறிப்பு:
ஆப்பிள் என்று சொல்லாமல் கல்வடோஸுக்கு 'பிரெஞ்சு பிராந்தி' என்று குறிப்பு கொடுப்பது அழுகுணி ஆட்டம். திராட்சையை நினைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழம்புத்தகம்:
பழத்திலிருந்து வடித்தது எதுவும் பிராந்திதான், ஆங்கில அகராதியும் அதைத்தான் சொல்கிறது. குறிப்பு போட்டவர்மேல் தப்பில்லை, ஆனால் கடுப்பாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.