பாட்டி வீட்டு குரூப்பில் ஒரு சாம்பல் கலர் கப்பல்

பிரவின்: (போட்டோ) பாட்டி பீரோவ கிளீன் பண்ணப்ப கெடச்சுச்சு. சந்திரன் மாமா பின்னாடி இருக்கிறது நேவி கப்பலா? நீங்க கன்டெய்னர் கப்பல்ல தானே இருந்தீங்க

கவி: ஆமா லா, ஓரத்துல துப்பாக்கி வேற தெரியுது 😮

லெட்சுமி: அண்ணே இது எப்ப எடுத்தது. எங்களுக்கு காட்டவே இல்லியே

சந்திரன்: டேய் அத எதுக்குடா தோண்டி எடுத்த. அது புங்கா மாஸ் லீமா. கன்டெய்னர் கப்பல்தான், 1997ல கட்டினது, 699 பெட்டி ஏத்தும், நம்ம மலேசியா எம்ஐஎஸ்சி கம்பெனியோட சின்ன கப்பல். அப்புறம் நேவி கப்பல் ஆயிருச்சு

பிரவின்: கன்டெய்னர் கப்பல் எப்டி மாமா நேவி கப்பல் ஆகும்

குணா: வாய்ஸ் மெசேஜ் போடாதீங்க அண்ணே, நான் வேலையில இருக்கேன், டைப் பண்ணுங்க

சந்திரன்: 2008 ஆகஸ்ட்ல ஏடன் வளைகுடாவுல சோமாலியா கடல் கொள்ளைக்காரன் பத்தே நாள்ல நம்ம கம்பெனி கப்பல் ரெண்ட புடிச்சிட்டான், புங்கா மெலாத்தி டுவா அப்புறம் புங்கா மெலாத்தி லீமா, அதுல ஒரு பிலிப்பைன்ஸ் பையன் செத்தே போயிட்டான், பணம் குடுத்துதான் செப்டம்பர் கடைசில மீட்டாங்க. நம்ம லூமுட் நேவி தளத்துலேர்ந்து கப்பல் போச்சு, லெக்கியு, ஸ்ரீ இந்திராபுரா எல்லாம். ஆனா இருக்கிறதே கொஞ்சம் கப்பல், அத மாசக்கணக்கா அங்கயே நிறுத்திட்டா இங்க நம்ம கடல யாரு பாக்குறது? அதான் கம்பெனி கப்பல் ஒண்ண எடுத்து சாம்பல் பெயிண்ட் அடிச்சு, பெட்டி அடுக்குற எடத்துல ஹெலிகாப்டர் எறங்க தளம் போட்டு, வேகமா போற போட்டு, துப்பாக்கி எல்லாம் வச்சு 2009 ஜூன்ல அனுப்பிட்டாங்க. அதுதான் இந்த மாஸ் லீமா, அதுக்கு பேரு நேவி துணைக் கப்பல்

கவி: அப்ப ஆளுங்க? நேவிக்காரங்களா?

சந்திரன்: அங்கதான் கதையே. கப்பல ஓட்டுறது நாங்கதான், கம்பெனி ஆளுங்க. எங்களுக்கு நேவி ரிசர்வுல டிரெய்னிங் குடுத்து யூனிபார்ம் மாட்டிட்டாங்க. கூட பாஸ்கல்னு நேவியோட கமாண்டோ பசங்க. அதே எஞ்சின் ரூம், அதே சூடு, அதே எண்ணெய் நாத்தம், ஆனா மேல வந்தா நான் சல்யூட் அடிக்கணும் 😂 நாப்பது வயசுல

குணா: தொப்பையோட யூனிபார்ம்

சந்திரன்: வாய மூடு

லெட்சுமி: இருங்க இருங்க. அம்மாகிட்ட நீ பெட்டி ஏத்துறேன்னு தானே சொன்ன???

சந்திரன்: ...

பிரவின்: மாமா சண்டை நடந்துச்சா

சந்திரன்: பெரும்பாலும் எண்ணெய்க் கப்பலுக்கு பக்கத்துலயே மாடு ஓட்டிக்கிட்டு போற மாதிரி போவோம், அவ்ளோதான், போர் அடிக்கும். ஒரே ஒரு தடவ. 2011 ஜனவரி 20. ஓமானுக்கு அந்தாண்ட புங்கா லாரல்னு ஒரு டேங்கர். நாங்க பத்திரமான எடம்னு விட்டுட்டு வந்தோம், ரெண்டு மணி நேரம் இருக்கும், ஏறிட்டானுங்க ஏழு பேரு. கப்பல்ல இருந்த 23 பேரும் உள்ள ரூம பூட்டிக்கிட்டு உதவி கேட்டாங்க. நம்ம ஹெலிகாப்டர் மேல சுத்த, பாஸ்கல் பசங்க போட்டுல போய் ஏறி ஏழு பேரயும் புடிச்சிட்டாங்க, அதுல மூணு பேருக்கு காயம். நம்ம பக்கம் ஒரு கீறல் இல்ல. நான் எதையும் பாக்கல, கீழ எஞ்சின்கிட்ட நிக்கிறேன், சத்தம் கூட வராது, ஸ்பீடு ஏத்து எறக்குனு சொல்லுறத வச்சுத்தான் என்னமோ நடக்குதுனு தெரியும்

லெட்சுமி: ஜனவரி 20 தைப்பூசம்! அந்த வருஷம் அம்மா பால்குடம் எடுத்தாங்க, நீ போன் பண்ணவே இல்லனு ராத்திரி சாப்பிடல. டிவியில நியூஸ் வந்தப்ப உன் கப்பலானு கேட்டதுக்கு இல்லனு சொன்ன

சந்திரன்: பொய் இல்ல லெச்சு. புடிபட்டது லாரல், நான் இருந்தது மாஸ் லீமா

கவி: ஐயோ மாமா 🤦‍♀️

பிரவின்: அந்த ஏழு பேர் என்ன ஆனாங்க

சந்திரன்: இங்க கூட்டிட்டு வந்து கோலாலம்பூர் ஹைகோர்ட்ல கேஸ் போட்டு ஜெயில்ல போட்டாங்க. இன்னொரு கூத்து கேளு, 2012ல கம்பெனி கன்டெய்னர் தொழிலயே விட்டிருச்சு. கூட ஓடுன கப்பலயெல்லாம் வித்துட்டாங்க, பெட்டி ஏத்த கட்டின எங்க கப்பல் மட்டும் நேவி வேலையில கெடந்துச்சு

லெட்சுமி: அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சு காட்டிட்டேன்

சந்திரன்: ஏன் லா!!

லெட்சுமி: கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொல்லுது, நான் ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தப்ப அதுவும் சண்டையில பட்டாளம் ஏத்துன கப்பல்தான்னு ஒரு கெழவரு சொன்னாராம், கப்பலுக்கு எந்த வேலை வந்தாலும் செய்யும், இவன் எதுக்கு மறைச்சான்னு கேக்குது

குணா: பதில் சொல்லு அண்ணே

சந்திரன்: ஞாயித்துக்கிழமை ஆயர் தாவார் வீட்டுக்கு வரேன். நேர்ல சொல்லிக்கிறேன்

லெட்சுமி: வரும்போது அந்த யூனிபார்ம எடுத்துட்டு வரணுமாம். பாக்கணுமாம்

சந்திரன்: இப்ப பத்தாது

குணா: 😂😂😂