"உடனே பகிரவும்" தொல்லையை எப்படி நிறுத்துவது?

கம்பத்துக்காரன்:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எதை எடுத்தாலும் "அதிர்ச்சித் தகவல்", "உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்", "படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் அனுமதித்த உச்ச அளவான 142 அடியை நெருங்கினால் கேட்கவே வேண்டாம், ஒரே செய்தி "அவசரம்" என்று திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. பெரியவர்கள் மனசு நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

குமுளி ஏலத்தோட்டம்:
அண்ணே, இங்கே மலையாளக் குழுக்களிலும் இதே கதைதான், "மாக்ஸிமம் ஷெயர்" இல்லாமல் ஒரு செய்தி வராது. அணை நிரம்பினால் உபரி நீர் கம்பத்துக்கு வராது, வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குத்தான் போகும். அந்த ஆற்றங்கரையில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நிஜ எச்சரிக்கையும் பழைய வீடியோவும் ஒரே "அவசரம்" போட்டு வந்தால் யார் திறந்து பார்ப்பார்கள்? எனக்குப் பயமே அதுதான்.

போடி டீச்சர்:
தேதி, நேரம், சொன்னது யார், இது மூன்றும் இல்லாததைப் போடக் கூடாது என்று குழு விவரத்தில் எழுதி வையுங்கள். எங்களுக்கு நச்சரிப்பு நன்றாகவே குறைந்தது. ஒரு செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று அர்த்தம், 2020இலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். அப்புறம், பெரியவர்களிடம் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள், தனியாகப் போன் போட்டுப் பேசுங்கள்.

கம்பத்துக்காரன்:
சரிங்க டீச்சர், இன்றைக்கே எழுதிப் போடுகிறேன். "ஆழ்ந்த இரங்கல்" மட்டும் எத்தனை தடவை வந்தாலும் இருக்கட்டும், அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.