ஓர்ஹான் கெமாலை எங்கிருந்து தொடங்கலாம்?

நகரி வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் மாவட்டம் நகரியில் விசைத்தறிக் குடும்பங்களைச் சேர்ந்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி நாவல்கள் வாசித்து வருகிறோம். கார்க்கியை முடித்தபின் துருக்கி எழுத்தாளர் ஓர்ஹான் கெமாலை எடுக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். "தொழிலாளர் வாழ்வைப் பொதுவுடைமை நோக்கில் எழுதும் சோசலிச யதார்த்தவாதி என்றால் கடைசி அத்தியாயத்தில் செங்கொடி ஏறிவிடும்; அதற்கு முந்நூறு பக்கம் எதற்கு?" என்று இன்னொருவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு இவருக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால், பஞ்சும் நூலுமாக வாழ்பவர்கள் இவருடைய எந்த நூலை முதலில் எடுக்கலாம்?

கொழிஞ்சாம்பாறை வாசகி

பொருந்தாது, தோழர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். 1914இல் தென் துருக்கியின் அதானா பகுதியிலுள்ள ஜெய்ஹானில் பிறந்தவர். இயற்பெயர் மெஹ்மெத் ராஷித். தந்தை அப்துல்காதிர் கெமாலி வழக்கறிஞர், துருக்கியின் முதல் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1930இல் அவர் தொடங்கிய எதிர்க்கட்சி முடக்கப்பட்டதும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் பெய்ரூட்டில் வறுமையில் உழன்றது. மகனின் படிப்பு பாதியில் நின்றது. பிறகு அதானா திரும்பிய ராஷித், பஞ்சாலைகளில் தொழிலாளியாகவும் கணக்கெழுதும் குமாஸ்தாவாகவும் வேலை செய்தார். ஆலையில் வேலை பார்த்த நூரியேயை மணந்தார். தொழிலாளியின் வயிறும் முதலாளியின் பேரேடும் ஒருசேரத் தெரிந்த எழுத்தாளர்கள் மிகக் குறைவு. அவருடைய நாவல்களில் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்பதெல்லாம் கதையின் ஓட்டத்தையே தீர்மானிப்பது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1938இல் இராணுவச் சேவையில் இருந்தபோது, கார்க்கியையும் துருக்கியின் இடதுசாரிக் கவிஞர் நாஜிம் ஹிக்மெத்தையும் படித்தார், அயல்நாட்டு ஆட்சிமுறைக்கு ஆதரவாகப் பேசினார் என்பன போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் கைதாகி, ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். புர்சா சிறைக்கு நாஜிம் ஹிக்மெத்தே கைதியாக வந்து சேர்ந்தது அவருடைய நற்பேறு. ராஷித் ஆசையோடு தம் கவிதைகளை வாசித்துக் காட்ட, நாஜிம் முழுதாகக் கேட்கக்கூடப் பொறுக்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அதே மனிதர்தான், ராஷித் எழுதி வைத்திருந்த உரைநடையைப் பார்த்துவிட்டு, கவிதையை விட்டுக் கதை எழுதுமாறு வற்புறுத்தினார், பிரெஞ்சும் கற்றுக்கொடுத்தார். 1943இல் விடுதலையானவர் பின்னாளில் அந்தச் சிறை நாட்களைத் தனி நூலாகவே எழுதினார்.

மூணாறு வாசகர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். முதல் நூலாக 'வளமான மண்ணின் மேல்' என்று பொருள்படும் 1954ஆம் ஆண்டு நாவலையே பரிந்துரைப்பேன். மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து யூசுப், ஹசன், அலி என்ற மூன்று நண்பர்கள் பிழைப்புத் தேடி, பருத்தி விளையும் சுக்குரோவா சமவெளிக்கு இறங்கி வருகிறார்கள். ஊர்க்காரர் ஒருவரின் ஆலையில் வேலை கிடைத்துவிடும் என்பதே அவர்களுடைய ஒரே நம்பிக்கை. பஞ்சரவை ஆலையின் ஈரத்தில் நின்று நின்று ஹசன் நோய்ப்பட்டுச் சாகிறான். அலி கதிரடிக்கும் இயந்திரத்தில் காலைப் பறிகொடுத்து உயிர்விடுகிறான். கொத்தனார் வேலையைக் கற்றுக்கொண்ட யூசுப் மட்டும், நெடுநாள் ஆசைப்பட்ட மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான்.

இதில் கொடி எங்கே ஏறுகிறது? தப்பிப் பிழைத்த யூசுப்பைக்கூட ஆசிரியர் நாயகனாக்கவில்லை. மேலாட்களிடம் குழைந்து பேசத் தெரிந்தவனாகவே அவனைக் காட்டுகிறார். அதற்காக அவனை இகழவும் இல்லை. தினக்கூலியிலிருந்து தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும் மேஸ்திரியைப் பற்றிய பக்கங்களை எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பெரியவர்களிடம் சொன்னால், கங்காணி காலத்துக் கதையா என்றுதான் கேட்பார்கள்.

நகரி வாசகர்

இருவருக்கும் நன்றி. எங்களில் பாதிப்பேர் நைட் ஷிப்டு முடித்துவிட்டு நேராக வருபவர்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதே எங்கள் வழக்கம். பெரிய நாவல் தாங்குமா என்ற தயக்கம் இருக்கிறது. தவிர, எங்கள் குழுவில் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த இருவரும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை வாசகி

அப்படியானால் 1952இல் வந்த 'ஜெமிலே' போதும். அளவில் சிறியது, அதானாப் பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் அங்குள்ள குமாஸ்தா ஒருவருக்கும் இடையிலான காதல். நூரியேயின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். ஓர்ஹான் கெமால் வருணனையைக் குறைத்து உரையாடலிலேயே கதையை நகர்த்துபவர் ஆதலால், உரக்க வாசிக்க நன்றாக வரும். தெலுங்கு நண்பர்களுக்கு வாசிப்பவரே வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டு போகலாம்.

அதே ஆண்டில் வந்த 'முர்தஸா'வை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு, கடமை என்று ஓயாமல் முழங்கும் ஆலைக் காவலாளி ஒருவன், இரவு வேலையின் அசதியில் இயந்திரத்தருகே தூங்கிப்போன சொந்த மகளையே அடித்துவிடுகிறான். அந்த அடியால் அவள் இறந்தும் போகிறாள். அவன் கொடியவன் அல்லன். அவனுக்குக் கிடைப்பதும் கூலிதான். மறுப்புச் சொன்ன நண்பரை அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள்.

மூணாறு வாசகர்

'முர்தஸா'வையே முதலில் வாசிக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நைட் ஷிப்டு முடித்து வருபவர்களிடம் அதை வாசிப்பது சற்றுக் கொடுமைதான். ஆங்கிலம் படிப்பவர்கள் உங்களில் இருந்தால், தன்வரலாற்றுத் தன்மை கொண்ட முதல் இரு நாவல்களும் நோபல் பரிசு பெற்ற துருக்கி நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக்கின் முன்னுரையோடு ஒரே தொகுதியாக ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. பெய்ரூட் நாட்கள் அதில்தான் இருக்கின்றன.