பீட்டா பிளாக்கர் (நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை) அளவு உங்களுக்கு எப்படிச் சரியானது? மலையில் இருப்பவர்கள் எழுதுங்கள்

குன்னூர் மேட்டுக்காரர்:

எனக்கு ஏ.எஃப். (நெஞ்சு ஒழுங்கில்லாமல் துடிக்கிற கோளாறு), வந்து வந்து போகிற வகை. மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 25-ல் ஆரம்பித்தார்கள். படபடப்பு அடங்கவில்லை என்று 50 ஆக்கினார்கள். கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தேன். பல்ஸ் 58, பி.பி. நன்றாக இருந்தது, தூக்கமும் வந்தது. சரி, அளவு பிடிபட்டுவிட்டது என்று ஊர் திரும்பினேன்.

மறுநாள் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு நடந்தேன். முப்பது வருடமாக நடக்கிற மேடு. பாதி ஏறியதும் கால் நகரவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. அந்த மேட்டில் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு மட்டும் உள்ளே எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். 76. விறகுக் கட்டோடு என்னைத் தாண்டிப் போன ஒரு பாட்டி நின்று திரும்பி, "உக்காந்துட்டுப் போ தம்பி, மொகமே செரியில்ல" என்றார். எனக்கு 54 வயது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் "மயக்கம் வருதா?" என்று கேட்டபோது "இல்லை" என்றேன். அது உண்மைதான். மேட்டில் நின்றுபோனதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு மாதம் வீணாயிற்று. அடுத்த முறை போய்ச் சொன்னதும் மறுபடி ஹோல்டர் (நாள் முழுக்க நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்கிற சிறு கருவி) மாட்டினார். முதல் ஹோல்டரை தங்கை வீட்டு சோபாவில் படுத்தபடியே முடித்திருந்தேன். இந்த முறை மாட்டிக்கொண்டு அதே மேட்டில் ஏறினேன். தூக்கத்தில் 41, ஏற்றத்தில் 80-ஐத் தாண்டவே இல்லை. 50-ஐ 37.5 ஆக்கினார், அதாவது 25 மாத்திரை ஒன்றரை. இப்போது ஏறும்போது 100 பக்கம் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப். எட்டிப் பார்க்கிறது. அதோடு இருந்துவிடலாம், மேடு ஏறாமல் இருக்க முடியாது.

பூம்பாறை:

அண்ணா, எனக்கு எஸ்.வி.டி. (திடீரென்று நெஞ்சு மிக வேகமாக ஓடுகிற கோளாறு), அட்டெனோலால் 50. கடைசியாகப் படபடப்பு வந்து ஏழு மாதம் ஆகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விரல்.

போன ஜனவரி, விடிந்தும் புல்லில் உறைபனி கிடந்தது. பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் பூண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் நாலு விரலும் நுனியிலிருந்து நடுக்கணு வரை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மகள் பார்த்துவிட்டு அழுதாள். அடுப்பின் பக்கம் காட்டினதும் நீலமாகி, அப்புறம் சிவந்து, ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. குளிருக்கு எல்லோருக்கும் கை விறைக்கும்தான், இது அந்த விறைப்பு இல்லை. மாத்திரைக்கு முன்னால் எனக்கு ஒரு வருடமும் இப்படி ஆனதில்லை. இதை டாக்டரிடம் சொல்வதா, குளிர் என்று விடுவதா?

கட்டபெட்டு வாசி:

குன்னூர் நண்பர் மாத்திரையை ஒன்றரை போடுவதாகப் பொதுவில் எழுதுவது சரியில்லை. படிக்கிறவர்கள் தாங்களே உடைக்க ஆரம்பிப்பார்கள். எக்ஸ்எல் மாத்திரை மெதுவாகக் கரையச் செய்தது. அதை உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும்.

என் கதை சின்னது. 2009 நவம்பர் மண்சரிவு. எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊர்) வரும் சாலை இரண்டு இடத்தில் போய்விட்டது. அட்டெனோலால் அட்டை தீர்ந்திருந்தது. மூன்று நாள் மாத்திரை இல்லை. மூன்றாவது ராத்திரி மழைச் சத்தத்துக்கு மேலே என் நெஞ்சுச் சத்தம் எனக்கே கேட்டது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பு வந்ததைவிட மோசம். விடியும்வரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். இந்த மாத்திரையை ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது. இத்தனை நாள் அடைத்து வைத்த வேகமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் படிப்படியாக. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மாத மாத்திரை வீட்டில் இருக்க வேண்டும், அதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மருந்துச் சீட்டின் படம் செல்போனில் இருக்கட்டும், மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே வாங்கலாம். சுகர் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சுகர் இறங்கினால் வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். பல்ஸை நோட்டில் எழுதுங்கள், காலையில் எழுந்ததும் ஒன்று, மாலையில் ஒன்று. தேயிலைத் தூளைக் குறையுங்கள், நம் ஊரில் நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கிறோம்.

குன்னூர் மேட்டுக்காரர்:

கட்டபெட்டு ஐயா, நானாக உடைக்கவில்லை, டாக்டர் எழுதிக்கொடுத்தார். நடுவில் கோடு போட்ட எக்ஸ்எல் மாத்திரையை அந்தக் கோட்டில் பாதியாக்கலாம். பொடிக்கவோ மெல்லவோதான் கூடாது. கோடு இல்லாத மாத்திரைக்கு நீங்கள் சொன்னது சரி. மண்சரிவு பற்றி எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் என் அட்டையை எண்ணினேன். பதினொன்று இருக்கிறது. நாளைக்கே வாங்குகிறேன்.

கூடலூர் மகள்:

நீங்கள் எல்லோரும் அளவு பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் அம்மாவுக்கு அளவு பிரச்சினை இல்லை, மருந்தே மாறியிருக்க வேண்டும். தைராய்டு அதிகமாகி நெஞ்சு தாறுமாறாக ஓடியது. ப்ரோப்ரனலால் 20, நாளைக்கு மூன்று வேளை. தைராய்டு படபடப்புக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்துதான். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு என்பதை யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருமல் இருக்கிறது, அதையெல்லாம் நோய் என்று சொல்வதில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி லயத்து வீட்டில் அம்மா கட்டிலில் குனிந்து உட்கார்ந்தபடி நீல இன்ஹேலரை அடிக்கிறார், அடிக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் இரண்டு அடியில் அடங்குவது. எண்ணியிருந்தேன், எட்டு. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரி போனபோதுதான் ஒரு நர்ஸ் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இன்ஹேலர் திறக்கப் பார்க்கிற அதே பூட்டை இந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் மாதிரியானவை பெரும்பாலும் இதயத்தோடு நிற்பவை, அவைகூட அளவு ஏறினால் நுரையீரலைத் தொடும். ப்ரோப்ரனலால் இரண்டையும் பிடிக்கும். அம்மா பிழைத்தார். ஆனால் அந்த எட்டு அடி எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

கட்டபெட்டு ஐயா இவ்வளவு அறிவுரை எழுதினீர்கள், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேளுங்கள் என்று ஒரு வரி இல்லை.

கட்டபெட்டு வாசி:

உண்மை மகளே. அது முதலில் வந்திருக்க வேண்டியது.

கொடைக்கானல் ஆசிரியர்:

எனக்கு ஏ.எஃப். நிரந்தரமாகவே இருக்கிறது, பைசோப்ரோலால். நான் ஏமாந்தது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில். அது 72 என்று காட்டும், நான் நிம்மதியாக இருப்பேன். ஏரியைச் சுற்றி நடந்தால் மட்டும் மூச்சு முட்டும். ஒருநாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ண, அதே நேரம் நர்ஸ் மணிக்கட்டில் எண்ணினார். நெஞ்சில் 118, கையில் 84. ஏ.எஃப்.-ல் சில துடிப்புகள் பலமில்லாமல் விரல்வரை வந்து சேர்வதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எண்ணிமுடித்து வேறு வேறு எண்ணைச் சொன்ன அந்த நொடியில், மூன்று மாதமாக நோட்டில் எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்தது. 2.5 என்பதை 5 ஆக்கினார்கள்.

பல்ஸை 60-க்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 2010-ல் நெதர்லாந்தில் நிரந்தர ஏ.எஃப். உள்ள 614 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஓய்வில் 110-க்குள் வைத்தவர்கள், 80-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களைவிட மோசமாகப் போகவில்லை. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் குன்னூர்க்காரர் மேட்டில் நின்றுபோனதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் காற்று மெலிது, ஏற்றத்தில் நெஞ்சு கொஞ்சம் கூடுதலாக ஓடத்தான் வேண்டும்.

பூம்பாறை அம்மா, கட்டாயம் சொல்லுங்கள். விரல் வெளுப்பது இந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். எஸ்.வி.டி.க்கு வெராபமில், டில்டியாசெம் போன்றவையும் உண்டு. மாற்றினால் பழையதை எப்போது, எப்படி விடுவது என்று தெளிவாகக் கேட்டு வாருங்கள். அட்டெனோலாலோடு வெராபமிலையும் சேர்த்துப் போட்டால் நெஞ்சு அளவுக்கு மீறி மெதுவாகிவிடும்.

பூம்பாறை:

ரொம்ப நன்றி சார். வியாழக்கிழமை வத்தலகுண்டு போகிறோம், அங்கிருந்து திண்டுக்கல். அன்றைக்கு மகள் அழுதுகொண்டே என் விரலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். தேடச் சொல்லியிருக்கிறேன். கீழே வெயிலில் போய் நின்றால் கை சாதாரணமாகத்தான் இருக்கும், போட்டோவைக் காட்டினால்தான் நம்புவார்கள்.